மாரியாத்தாள் பாகத்துக்கு வடக்கு

ராஜபாளையம்
5.6.2024

அண்ணே,

தபால் என்றதும் அம்மாவுக்கு என்னவோ என்று பதற வேண்டாம். முழங்கால் வலியைத் தவிர அவளுக்கு ஒன்றும் இல்லை. நான்தான், வெங்கடேஸ்வரி. லா காலேஜை மூன்றாம் வருஷத்தில் விட்டேன் என்று போனில் என் நம்பரைத் தடுத்து வைத்தீர்கள். பதினொரு மாசம் ஆகிறது. பட்டாளத்து விலாசத்தைத் தடுக்க முடியாதில்லையா, அதனால் இது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அனுசியா மதினியின் அப்பாவிடமிருந்து சோழபுரம் பக்கம் நாற்பது சென்ட் நிலம் வாங்குகிறீர்களாம். முன்பணம் கொடுத்தாயிற்றாம். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் லீவில் வந்து கிரயம் முடிக்கிறீர்களாம். அம்மா சொன்னாள். வீடு கட்டி, கிணற்றடியில் தென்னை வைப்பதாகத் திட்டமாம். நல்ல திட்டம். ஒரே ஒரு கேள்வி. மூலப் பத்திரத்தைப் பார்த்தீர்களா?

நான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே, பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையில் டைப் அடிக்கிறேன். காலேஜில் உட்கார்ந்து தூங்கினேன், இங்கே தூங்க நேரமில்லை. வாரத்துக்கு ஒரு ஆளாவது கிரயம் முடித்தபிறகு பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வருகிறான். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: தெரிஞ்ச ஆளுதானேன்னு கேக்கல.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சாமி மாமா வீட்டுக்குப் போனேன். ஏட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தத் தெருவுக்கு அவர் இன்னும் ஏட்டையாதான். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்திரத்தில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்தால் அண்ணனுக்கு அனுப்பிவிடுவேன் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பேப்பரை நாலாக மடித்தார்.

"ஏட்டி, எம்மகள ஒங்க அண்ணனுக்குக் குடுக்கும்போது என்ன பத்திரம் கேட்டிய?"

காபி கொண்டுவந்த அத்தை பாதியிலேயே டம்ளரோடு உள்ளே திரும்பிவிட்டாள். படிப்பை முடிக்கத் துப்பில்லாதவள் ஏட்டு வீட்டு நிலத்தை விசாரிக்க வந்துவிட்டாள் என்று தெருவே கேட்கும்படி சொன்னார். படிப்பை முடிக்கவில்லை, சரி. பத்திரம் எங்கே என்பதற்கு அது பதில் இல்லையே.

பணம் கொடுக்கிறவனுக்குக் கேட்டுப் பார்க்கிற உரிமை இருக்கிறது அண்ணே. மகளைக் கொடுத்தவரானாலும் பேச்சு ஒன்றுதான். நீங்கள் கேளுங்கள். நான் கேட்டால் திமிர், நீங்கள் கேட்டால் விவரம்.

பதில் போடுங்க. திட்டியாவது போடுங்க.

வெங்கடேஸ்வரி


56 ஏ.பி.ஓ.
17.6.2024

வெங்கடேஸ்வரிக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. பதில் எழுதுவதா வேண்டாமா என்று ஐந்து நாள் யோசித்தேன்.

நீ வந்துபோனதை மாமா போனில் சொன்னார். கோபப்படவில்லை. "சின்னப்புள்ள, விடுங்க மாப்ள" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. அனுசியா மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. என் அப்பாவைத் திருடன் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள். உன்னால் நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

வில்லங்கச் சான்றிதழை நான் பார்த்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு அடமானம்கூட இல்லை. பட்டா மாமா பெயரில் இருக்கிறது. அவருடைய அப்பாவின் நிலம், அவருக்கு வந்தது. இதற்கு மேல் என்ன விசாரணை? முன்பின் தெரியாதவன் விற்கும் நிலம் என்றால் நீ சொல்வது சரி. பெண் எடுத்த வீட்டில் மூலப் பத்திரம் கேட்பது, தாலி கட்டி முடித்தபிறகு ஜாதகத்தைத் திரும்பக் கேட்பது மாதிரி.

உன்னுடைய ஃபீஸுக்காக நான் இரண்டு வருடம் லீவுக்கு வராமல் இருந்தேன். இங்கே குளிர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு விடுதியிலிருந்து வந்துவிட்டாய். காரணம் கேட்டதற்கு, உட்கார முடியவில்லை என்றாய். அதனால் சட்டத்தை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

பதினேழு வருடமாகத் தகரக் கூரைக்குக் கீழே அடுத்தவன் குறட்டையைக் கேட்டுத் தூங்குகிறேன். எனக்கு என்று நாலு சுவர் வேண்டும். அவ்வளவுதான். அதைக் கெடுக்காதே.

மாமா வீட்டுக்கு இனி போகாதே. அம்மாவுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

பி.கு. அந்தக் கிணறு வடக்குப் பக்கம்தானே இருக்கிறது? இருட்டும் நேரத்தில் ஒருமுறை பார்த்தது, சரியாக ஞாபகம் இல்லை.

ஹரிகிருஷ்ணன்


ராஜபாளையம்
29.6.2024

அண்ணே,

தைலம் வாங்கிக் கொடுத்தாயிற்று. மாமா வீட்டுக்குப் போகவில்லை. நிலத்துக்குப் போனேன். போகாதே என்று நீங்கள் எழுதியது வீட்டுக்குத்தான்.

கிணறு வடக்குப் பக்கம்தான். அதில்தான் சிக்கல்.

ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிலத்தைப் பற்றிக் கேட்டால் அந்த நிலத்தின் பத்திரத்தை முதலில் தொடமாட்டார். சுற்றியிருக்கும் நாலு நிலத்தின் பழைய பத்திரங்களுக்கு நகல் போடச் சொல்வார். தன் நிலத்தைப் பற்றி ஒருவன் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வான். பக்கத்து நிலத்துக்காரன் எல்லை எழுதும்போது பொய் எழுதமாட்டான், அதில் அவனுக்கு லாபம் இல்லை. இதுதான் அவர் கணக்கு.

நான் வடக்கு நிலத்துப் பத்திரத்துக்கு நகல் போட்டேன். 1991இல் எழுதியது. நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை எழுதியிருக்கும் இடத்தில், ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று வந்து, அடுத்து இப்படி இருக்கிறது: "மாரியாத்தாள் பாகத்துக்கு வடக்கு."

தங்கச்சாமி நிலத்துக்கு வடக்கு என்று இல்லை. மாரியாத்தாள் நிலத்துக்கு என்றுகூட இல்லை. பாகத்துக்கு. கூடப் பிறந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் பாகம். வாயால் பிரித்துக்கொண்டால் அது எந்த ஆபீஸிலும் பதிவாகாது, வில்லங்கச் சான்றிதழில் வராது. உங்கள் சான்றிதழ் சுத்தமாக இருப்பது அதனால்தான்.

அந்த வடக்கு நிலத்தில் செல்லக்கனி என்கிற அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். நிலத்தை வாங்கியவரின் மகள். மாரியாத்தாள் யார் என்று கேட்டேன். களைக்கொத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"ஏட்டையா தங்கச்சி. அந்தப் புள்ளயத் தலமுழுகிட்டாக."

செத்துவிட்டார்களா என்று கேட்டேன். "தலமுழுகிட்டாகன்னு சொல்லுதேன்" என்றார். அப்படியானால் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். "தலமுழுகிட்டாகன்னுதான சொல்லுதேன்" என்றார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இதேதான். நான் கிளம்பும்போது என்ன தோன்றியதோ, மீதியைச் சொன்னார். வடக்கே கிணற்றோடு பாதி மகளுக்கு, தெற்கே பாதி மகனுக்கு என்று அவர்கள் அப்பா சாவதற்கு முன் கயிறு பிடித்துக் காட்டினாராம். 1994இல் அந்தப் பெண், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய இசக்கிமுத்து என்பவரோடு போய்விட்டது. வேறு ஆட்கள். மறுநாள் குடும்பம் மொத்தமும் அதே கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, செத்தவளுக்குச் செய்கிற மாதிரி செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்களாம்.

நீங்கள் தென்னை வைக்க நினைத்த கிணறு அதுதான்.

மாமாவிடம் கேளுங்கள். தங்கச்சி உண்டா, அவங்க பங்கு என்ன ஆச்சு. ரெண்டே கேள்வி. கேக்க வாய் வரலேன்னா என் பேரச் சொல்லிக் கேளுங்க.

வெங்கடேஸ்வரி


56 ஏ.பி.ஓ.
11.7.2024

வெங்கடேஸ்வரிக்கு,

கேட்டேன்.

அனுசியாவுக்குத் தனக்கு ஒரு அத்தை இருந்ததே தெரியாது. அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து மாமா எனக்குக் கிரயப் பத்திரத்தின் புதிய வரைவை போனில் அனுப்பினார். முன்பு அனுப்பியதில் இல்லாத ஒரு வரி இதில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"என் தகப்பனாருக்கு நானும் என் தங்கை மாரியாத்தாளும் வாரிசுகளாய் இருந்து, மேற்படி மாரியாத்தாள் விவாகமாகாமல் சந்ததியின்றிக் காலமாகிவிட்டபடியால், நான் ஒருவனே ஏக வாரிசாய் மேற்படி சொத்தை ஆண்டு அனுபவித்து வருகிறேன்."

போதுமா? கேட்கச் சொன்னாய், கேட்டேன். பதில் பத்திரத்திலேயே வந்துவிட்டது. இறந்தவருக்குப் பாகம் கிடையாது. செல்லக்கனி போன்றவர்கள் வயலில் நின்று சொல்லும் கதைக்காக நான் ஒரு குடும்பத்தை இழக்க முடியாது. அனுசியா நாலு மாதம். இந்த நேரத்தில் அவளை அழவைக்கிறேன் என்று அம்மாவே என்னைக் கடிந்துகொண்டார்.

எந்த வருடம் இறந்தார் என்று மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மாப்ள, இனிமே ஒங்க நெலம்" என்றார். இதை உனக்கு எழுத வேண்டும் என்று இல்லை. எழுதிவிட்டேன்.

ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.7.2024

அண்ணே,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. மூன்று நாள் சோறு போட்டாள், பேசவில்லை. நானே கிளம்பிவிட்டேன். கடைக்கு மேலே ஒரு அறை, பழைய பத்திரக் கட்டுகளோடு இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த அந்த வரியைப் படித்துவிட்டு அரைமணி நேரம் டைப் அடிக்க முடியவில்லை. முப்பது வருஷமாக அவரை யாரும் காகிதத்தில் கொல்லவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றியதோடு நின்றது. நான் கேட்டேன், நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான் அந்த வரி எழுதப்பட்டது.

சனிக்கிழமை ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரி எல்லாம் அங்கே சிமென்ட் ஃபேக்டரிக்குத்தான் போகும். அதன் பக்கம் லாரி டிரைவர்கள் சாப்பிடும் கடைகளில் விசாரித்தேன். இசக்கிமுத்து நாலு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார், அவர் சம்சாரம் மூன்றாவது மெஸ்ஸில் சமைக்கிறது என்றார்கள். போனேன்.

ஐம்பது வயசு இருக்கும். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுசியா மதினிக்கு வயசானால் எப்படி இருக்குமோ அப்படி. புருவம்கூட அதே மாதிரி நடுவில் வந்து தொடுகிறது.

நான் யார் என்று சொன்னேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தேன். "தங்கச்சாமி ஒனக்கு மாமான்னா நான் சின்னம்மா முறை வேணும், உக்காரு" என்றார். கேட்காமலே இரண்டு தோசை வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"முழுகினது எனக்குத் தெரியும்" என்றார். "எழுதுனது தெரியாது."

விவாகமாகாமல் என்கிற இடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்க் கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஒரு மகள் இருக்கிறாள், கோயம்புத்தூரில் மில்லில் வேலை பார்க்கிறாள். நிலத்தை விற்கவோ உழவோ அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணன் வைத்துப் பயிர் செய்யட்டும், பாகம் பாகமாகவே கிடக்கட்டும் என்று இருந்திருக்கிறார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"வாங்குதவருக்கு நான் இருக்கது தெரியுமா?"

சொல்லப் போகிறேன் என்றேன். "தெரிஞ்சா வாங்கமாட்டாரு" என்றார். அப்படி நம்புகிறார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். தெரியாமல் வாங்கினேன் என்று ஒருவன் கோர்ட்டில் சொன்னால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள். தெரிந்து வாங்கினால் கிடையாது. வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டாலும் தெரிந்த மாதிரிதான். அந்தப் பாடம் இரண்டாம் வருஷத்தில் வந்தது, அதுவரை நான் ஒழுங்காகத்தான் போனேன். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் கைக்கு வரும். படித்த நிமிஷத்திலிருந்து உங்களுக்குத் தெரியும்.

நிறுத்திருங்கண்ணே. தெற்கே பாதிய மட்டும் வாங்குங்க. கிணறு இல்லாட்டி போர் போட்டுக்கலாம்.

வெங்கடேஸ்வரி


56 ஏ.பி.ஓ.
3.8.2024

வெங்கடேஸ்வரிக்கு,

ஜூலை 11ஆம் தேதி நான் எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கம் நிலச்சரிவு, தபால் ஒழுங்காக வருவதில்லை.

ஆகஸ்ட் 16 முதல் எனக்கு லீவு. 22ஆம் தேதி கிரயம். மாமா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். மூலப் பத்திரத்தையும் காட்டினார், எல்லாம் சரியாக இருக்கிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஆபீஸுக்குப் போகிறோம். நீ வருவதானால் சந்தோஷமாக வா. இல்லாவிட்டால் வராதே.

ஆலங்குளம் பக்கம் போவதை இதோடு விட்டுவிடு. அம்மாவிடம் பேசு.

ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.8.2024

அண்ணே,

பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். ஒரு டவுன் பஸ். இருந்தாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. நேரில் பார்த்தால் நான் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிடுவேன்.

ஆலங்குளம் என்கிற பேரை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். உங்களுக்கு வராத கடிதத்தில். அதன் ஒப்புகை அட்டை ஆறாம் தேதி எனக்குத் திரும்பி வந்தது. ஜூலை 30 என்று தேதி போட்டு, உங்கள் கையெழுத்து, ஹ-வுக்கு அந்த நீள வால் உட்பட. பொய் சொல்லவும் பழகவில்லை நீங்கள்.

22ஆம் தேதி நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் எங்கே நின்று பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சின்னம்மா முதல் பஸ்ஸுக்கே பதிவு ஆபீஸுக்கு வந்துவிட்டார். மெஸ்ஸில் அரைநாள் லீவு. நான் எழுதிக் கொடுத்த ஆட்சேப மனுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்டார்கள். யாருக்குப் பாத்தியம் என்று தீர்மானிப்பது இங்கே நடக்காது, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். அது சரிதான், நான் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்த்து நின்றது வாசலில்.

காரிலிருந்து நீங்கள் எல்லோரும் இறங்கினீர்கள். நெற்றியில் குங்குமம். மதினி சின்னம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தன் முகத்தையே பார்க்கிறவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாமாதான் முன்னால் வந்தார்.

"யாரும்மா நீ?"

"ஒங்கூடப் பொறந்தவ."

"எங்கூடப் பொறந்தவ செத்து முப்பது வருசமாச்சு."

குரலை உயர்த்தவில்லை. வழி கேட்ட ஆளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். சின்னம்மா அவரை விட்டுவிட்டு உங்களிடம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. நான் இருக்கனா இல்லையா?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். உள்ளே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். நீங்கள் போனீர்கள்.

அண்ணே, எல்லையில் நிற்கிறவர் என்று ஊரே உங்களைச் சொல்கிறது. ஒரு ஆமாம் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னம்மா அழவில்லை. "அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஒரே ஒரு தடவை. பிறகு மத்தியானச் சமையலுக்கு நேரமாகிறது என்று கடைக்கு வராமலே, இறங்கின இடத்திலேயே அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்டார். வக்கீல் நோட்டீஸ் வரும். நான்தான் டைப் அடித்தேன்.

வெங்கடேஸ்வரி


ராஜபாளையம்
2.9.2024

வெங்கடேஸ்வரிக்கு,

நோட்டீஸ் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஆவணங்களின் பட்டியலில் மூன்றாவதாக, ஒப்புகை அட்டை என்று இருக்கிறது. மாமா அதைப் படித்துவிட்டு, அந்தக் கவரில் வெறும் காகிதம்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம் என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். கடை வாசல்வரை வந்தேன். நீ திரையைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தாய். எதிரே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ எழுதியது சரிதான், ஆபீஸ் வாசலில் நான் தரையைப் பார்த்தேன். அதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததால்தான் தரையைப் பார்க்க வேண்டி வந்தது. அனுசியா அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பதில்லை.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். அவருக்கு நியாயமான தொகையை நானே கொடுத்துவிடுகிறேன். அவர் தன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். வழக்கு வேண்டாம். மாமாவுக்கும் சிக்கல் இல்லை, அவருக்கும் நஷ்டம் இல்லை. நீ பேசினால் கேட்பார். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

லீவு 14ஆம் தேதி முடிகிறது.

ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.9.2024

அண்ணே,

சின்னம்மாவிடம் பேசினேன். யோசிக்காமலே சரி என்றார். தொகை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு நிலம் வேண்டியதில்லை, செத்தவள் என்கிற பேர் போனால் போதுமாம்.

பிறகு ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் எழுதச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, என்னைப் பார்த்து, மூடி வைத்துவிட்டார்.

விடுதலைப் பத்திரம் உயிரோடு இருக்கிறவர்தான் எழுத முடியும். உங்கள் கிரயப் பத்திரத்தில் மாரியாத்தாள் காலமாகிவிட்டார் என்று இருக்கிறது. நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் செத்தவரிடம் செப்டம்பரில் எப்படி எழுதி வாங்குவீர்கள்? அந்தப் பத்திரத்தை நீங்கள் பதிந்த நாளே மாமா எழுதியது பொய் என்று ஆகிவிடும். பொய்யாக எழுதிப் பதிந்ததற்கு ஜெயில் உண்டு, ஓய்வு பெற்ற ஏட்டுக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்து வாங்கியதற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும்.

மாமாவுக்குச் சிக்கல் இல்லாத வழி என்று ஒன்று இல்லை. சின்னம்மா செத்தவராகவே இருந்தால்தான் அவர் தப்பிப்பார். அந்த ஒரு வரிக்குள் உங்களையும் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஜூலையில் நிறுத்தியிருந்தா இது ஒண்ணும் இல்லண்ணே. ஒரு சண்டையோட போயிருக்கும்.

வெங்கடேஸ்வரி


ராஜபாளையம்
13.9.2024

வெங்கடேஸ்வரிக்கு,

ஒரு வாக்குமூலத்தை, தனியாக எடுக்க வசதியாக, அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அனுசியாவின் துணிகளை எடுத்து வைக்கச் சொன்னார். அவள் போகமாட்டேன் என்றாள். பிறகு போனாள். ஆறு மாதம் ஆகிறது அவளுக்கு. பிள்ளை பிறந்தாலும் என் கண்ணில் காட்டப் போவதில்லை என்று மாமா வாசலில் நின்று சொன்னார். அவர் செய்யக்கூடியவர் என்பது இப்போது எனக்குத் தெரியும். கார் தெருமுனை திரும்பும்வரை அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அடுப்பு மூட்டவில்லை.

என் ரெஜிமெண்டுக்கு இது போகும். போகட்டும்.

தாள் 2

நான், ராஜபாளையம் பால்ச்சாமி மகன் ஹரிகிருஷ்ணன், முழு நினைவோடு என் கைப்பட எழுதுவது. என் தங்கை 22.7.2024இல் எழுதிய கடிதத்தை 30.7.2024 அன்று கையெழுத்திட்டு வாங்கினேன். கவரில் கடிதம் இருந்தது. அன்றே இரண்டு முறை படித்தேன். 3.8.2024இல் கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். மூலப் பத்திரத்தைப் பார்த்ததாக எழுதியதும் பொய். நான் கேட்கவே இல்லை. மாரியாத்தாள் உயிருடன் இருப்பதும், வடக்கே கிணற்றோடு சேர்ந்த இருபது சென்ட் அவருடைய பாகம் என்பதும் கிரயத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். 22.8.2024 அன்று பதிவு அலுவலக வாசலில் அவர், தான் இருக்கிறாரா இல்லையா என்று என்னைக் கேட்டார். இருக்கிறார்.

ஹரிகிருஷ்ணன்
13.9.2024

தாள் 3

தாள் 2இன் அசலை உன் சின்னம்மாவிடம் கொடு. நீ நகல் வைத்துக்கொள்ளாதே. நீ கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் கையெழுத்துள்ள கவரை இனி ஒருமுறை பிரிக்க என்னால் முடியாது. எனக்கு எழுதாதே.